வாங்க மறுத்த வரி

1

போன சனிக்கிழமை காலையில் என் முகம் என் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக உள்ளே வந்து விழுந்தது.

நாலாக மடித்த வழவழப்பான தாள். பீட்சாக் கடை விளம்பரமாக இருக்கும் என்று காலால் ஒதுக்கப் போனேன். பார்த்தால் என் மூக்குத்தி தெரிகிறது. குனிந்து எடுத்துப் பிரித்தேன். நானேதான். வாயைப் பாதி திறந்து, ஒரு கையை நீட்டிக்கொண்டு, சந்தையில் சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தேன். மேலே கொட்டை எழுத்தில், 'நம் ஊர் நர்ஸே கேட்கிறார்: அவர்களிடமும் வரி வாங்கு!' என்று போட்டிருந்தது. கீழே, என் வாயில் வராத நாலு வரி. வேலையை முதலில் நம் பிள்ளைகளுக்குக் கொடு, வந்தவனைத் திருப்பி அனுப்பு என்கிற ரீதியில்.

எந்தக் கட்சிப் பிரசுரம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களுக்கு அதுவும் ஒரு விளம்பரம். சட்டென்று மாடிப்படியைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவன் என் வீட்டு மாடியறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். என் அக்கா மகன் குழந்தைவேல்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்கவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இந்த மாசியோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். மதுரையில் நர்சிங் படித்து, கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்து, கட்டினவனோடு ஒத்துவராமல் தீர்த்துவிட்டு, ஒரு வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள். வடக்குப் பக்கம் ஒரு சின்ன நகரம். குளிரைப் பற்றி என்னிடம் யாரும் பேசக்கூடாது. கொடைக்கானலுக்கு மேலே, கிளாவரைப் பக்கத்து மலையூரில் தை மாசத்து உறைபனியில் பூண்டுக்காட்டுக்குப் போனவளுக்கு இந்தக் குளிர் எம்மாத்திரம்? என் ஊர்ப் பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் ஆள் திரட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குச் சண்டைக்குப் போவார்கள்.

முதல் மாதச் சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தம் இருந்தது. ஒன்று வருமான வரி. இன்னொன்றுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் என்று பெயர். வயதான காலத்துப் பென்ஷன், வேலை போனால் உதவி, இதற்கெல்லாமாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வது. முப்பத்தைந்து வருஷம் கட்டினால் முழுப் பென்ஷன். என்னோடு வந்த கேரளத்துப் பெண்கள் இவ்வளவு பிடிப்பார்களா என்று வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு. எங்கள் வம்சத்திலேயே தன் பேரில் வரி கட்டின முதல் பொம்பளை நான்தான். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நாம் கட்டின வருஷங்கள் எத்தனை கணக்கில் ஏறியிருக்கின்றன என்று இணையத்தில் பார்க்கலாம். நடுவில் ஒருமுறை பார்த்தபோது ஒரு வருஷம் காணோம். மகளுக்கு உடம்பு முடியாமல் நான் வேலையைக் குறைத்திருந்த வருஷம் அது. போன் போட்டால் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, இது வேறு பிரிவு என்று சொல்லி இன்னொரு பாட்டுக்கு மாற்றிவிடுவார். எட்டு மாசம் விடாமல் மல்லுக்கட்டி அந்த ஒரு வருஷத்தை வாங்கினேன். என் மகள் மீனா, இதற்கு ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு எதை விளக்குவது? இங்கே பிறக்கவில்லையே தவிர இந்த ஊர்ப் பிள்ளை. கணக்கில் இல்லாமல் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

3

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒருவர் பெயர் அதில் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் சாவடியில் கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று முடிவு செய்வார்கள். பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயருக்குரியவர் எழுந்து பணத்தைத் தட்டில் வைப்பார். கிடா வெட்டினால் வரிக்கு ஒரு கூறு. ஊர்க்கூட்டத்தில் பேச வரி கட்டினவருக்குத்தான் வாய்.

பூண்டு எடுக்கக் கீழேயிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் யாரும் வரி கேட்கமாட்டார்கள். நல்ல கூலி, வயிறாரச் சோறு, திருவிழா அன்றைக்கு இருந்தால் கறியும் உண்டு. ஆனால் அவர்கள் ஊர் இல்லை. பொம்பளைகளிடமும் வரி கேட்கமாட்டார்கள்.

ஊர் ஒருவருக்குக் கொடுக்கும் பெரிய தண்டனை என்ன தெரியுமா? அடிப்பதோ அபராதமோ இல்லை, வரி வாங்க மறுப்பதுதான். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒருவரைத் தள்ளி வைத்தார்கள். வரப்புத் தகராறில் ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போய்விட்டார், அதுதான் குற்றம். அந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் அவர் சாவடிப் படிக்குக் கீழே பணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அவர் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்கள். "வாங்கிக்கங்க சாமி, வாங்கிக்கங்க சாமி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் அப்பாவும்தான் பார்க்கவில்லை. வரி கட்ட விடுங்கள் என்று ஒரு ஆம்பளை அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், ஆண் வாரிசு இல்லை. அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தது. அப்பா இறந்து பதினோரு வருஷமாகிறது. அந்த வருஷமே அக்காவிடம், அப்பா தலைக்கட்டு விழுந்துபோகக் கூடாது, பணம் நான் அனுப்புகிறேன், அவர் பேரிலேயே கட்டு என்று சொல்லிவிட்டேன். வருஷம் தவறாமல் அனுப்புகிறேன். கூட்டம் நடக்கும் நாளில் இங்கே வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாலும், இந்நேரம் அப்பா பெயரை வாசித்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நிற்பேன். ஒருமுறை என்னோடு வேலை செய்யும் ஜேனட்டிடம், என் ஊருக்கும் நான் வரி கட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ரவுடிகள் மிரட்டி மாமூல் வாங்குகிறார்கள் என்று புரிந்துகொண்டு, போலீசில் சொல்லலாமா என்று ரகசியமாகக் கேட்டாள்.

4

குழந்தைவேல் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஆபீசில் எல்லோருக்கும் வெறும் 'வேல்'. இரண்டு வருஷத்துக்கு இங்கே அனுப்பினார்கள். வெளியே வாடகை கட்டுபடியாகாது, என் வீட்டிலேயே இரு என்றேன். வெள்ளனே எழுந்து அவனுக்கும் எனக்கும் மதியச் சோறு கட்டுவேன். நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவிவைப்பான். முதல் சம்பளச் சீட்டைக் காட்டினான். அதில் நேஷனல் இன்சூரன்ஸ் இல்லை.

தப்பாகப் போட்டிருக்கிறார்கள், போன் போடு என்று பதறினேன். அவன் சிரித்தான். இந்தியக் கம்பெனி கொஞ்ச காலத்துக்கு அனுப்புகிற ஆளுக்கு அந்தப் பிடித்தம் கிடையாதாம். முன்பு ஒரு வருஷத்துக்கு இருந்த விலக்கை, இரண்டு நாடும் வியாபார ஒப்பந்தம் போட்டதோடு சேர்த்து மூன்று வருஷமாக்குகிறார்கள். அவன் கம்பெனியும் அவனுக்காக இங்கே கட்டவேண்டாம். இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கும் அதே சலுகை.

இதுதான் இந்த நாட்டில் தொலைக்காட்சியைத் திறந்தால் சண்டை. இந்தியனை வைத்தால் முதலாளிக்கு மிச்சம், நம் பிள்ளைக்கு எவன் வேலை கொடுப்பான் என்று ஒரு பக்கம். பல நாடுகளோடு ஏற்கெனவே இதே ஏற்பாடு இருக்கிறது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் கட்டக்கூடாது என்பதற்குத்தான் என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் கெடக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் டீ அறையில் பேச்சு வேறு மாதிரிப் போனது. பத்தொன்பது வருஷமாக என்னோடு பிஸ்கட்டைப் பிட்டுத் தின்ற ஜேனட், என்னைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு வரியே இல்லையாமே என்றாள். உங்கள் ஆட்கள்! எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டுகிறேன் ஜேனட் என்றேன். உன்னைச் சொல்லவில்லை என்றாள். வேறு யாரைச் சொன்னாளாம்?

5

அடுத்த வாரம் நூலக மண்டபத்தில் இதைப் பற்றிப் பொதுக்கூட்டம் என்று சுவரொட்டி போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான். போனேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். குழந்தைவேல் மாதிரி ஆட்களைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொறுக்கமுடியாமல் கையைத் தூக்கினேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ச் சாவடியைச் சொன்னேன். ஒருவனிடம் வரி வாங்கவில்லை என்றால் அது சலுகை இல்லை, அவனை நம் ஆள் இல்லை என்று சொல்வது என்றேன். பையன்களை இரண்டு வருஷம் வைத்து வேலை வாங்கிவிட்டு, எண்ணிக்கையில் சேர்க்காமல் அனுப்புகிறீர்கள், அது அவமானம் என்றேன். அவர்களிடமும் வாங்குங்கள், அவர்களும் இந்த ஊர் ஆட்களாக இருக்கட்டும் என்று முடித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எந்த வரிக்குக் கைதட்டினார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு பையன் போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களிடமும் வாங்குங்கள் என்பதை மட்டும் வெட்டி எடுத்துத்தான் சனிக்கிழமை காலையில் என் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

6

மறைக்கலாமா என்று யோசிப்பதற்குள் குழந்தைவேல் இறங்கி வந்துவிட்டான். அவன் போனிலும் அது வந்திருந்தது. ஆபீசில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், இது உன் சொந்தக்காரியா என்று கேட்டு. அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"நீங்களா சித்தி இது?"

நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். அவனைச் சேர்த்துக்கொள்ளத்தான் பேசினேன், தள்ளச் சொல்லிப் பேசவில்லை என்றேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஊரில் தன் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், விசாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள், தான் ஓசியில் இங்கே இருக்கவில்லை என்று நிதானமாகச் சொன்னான்.

"என்னைய இங்க யாரும் சேத்துக்க வேணாம் சித்தி. வந்த சோலியப் பாத்துட்டு வெரசா ஊருக்குப் போயிருவேன். எனக்குத்தான் அங்க வரி இருக்குல்ல."

"உனக்கு ஏதுலே வரி? உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே. உங்கப்பா பேர்லதான இருக்கு?"

"அப்பாவோடது வேற. தாத்தா வரி எம்பேர்லதான ஓடுது."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. அதை நான் நம்புகிறேன், அவன் முகத்தில் அவ்வளவு அதிர்ச்சி இருந்தது. நான் கையில் இருந்த பிரசுரத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக வார்டில் நடுவழியில் நின்றேனே, யார் பெயருக்காக நின்றேன்?

மீனா வந்தாள். பிரசுரத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் படம் போட்டது தப்பு, புகார் எழுதலாம் என்று கணினியைத் திறந்தாள். அம்மா அழுவது அந்தத் தாளுக்காக என்று நினைத்துவிட்டாள். இல்லை, தாத்தா பெயரை எடுத்துவிட்டார்கள் என்றேன். எந்தப் பட்டியலில் இருந்து என்றாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

7

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் காட்டில் இருந்தாள், காற்றுச் சத்தம். அப்பா வரி யார் பேரில் ஓடுகிறது என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அப்பா செத்து மூணாம் வருஷமே கூட்டத்தில் கேட்டுவிட்டார்களாம், செத்தவர் பெயரை எத்தனை வருஷம் வாசிப்பது, ஆம்பளைப் பெயர் ஒன்று கொடு என்று. தங்கச்சிதான் பணம் அனுப்புகிறாள், அவள் பேரில் எழுதுங்கள் என்று அக்கா சாவடி வாசலில் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பேரன் பெயரை, மேஜர் ஆகட்டும், கல்யாணம் ஆகட்டும் என்றுகூடப் பார்க்காமல், அன்றைக்கே எழுதிவிட்டார்கள். உன்னிடம் சொன்னால் தாங்கமாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை என்றாள்.

எட்டு வருஷம் என்னை ஏமாற்றினாயே என்று நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். திருடி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் பதிலுக்குத் திட்டவில்லை.

"நானும்தாண்டி அவருக்கு மக. இங்கயேதான் கெடக்கேன், அவரு காட்டுலதான் குனிஞ்சு நிமிர்றேன். எம்பேர எவன் எழுதுனான்?"

இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கடல் தாண்டி வந்ததால் எனக்குத்தான் இந்த ஏக்கம் என்று நினைத்திருந்தேன்.

குழந்தைவேல் சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கிறேன் சித்தி என்றான். மனசாரச் சொன்னான். ஆனால் ஒரு நிமிஷம் கழித்து, அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவனே சொன்னான். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒருமுறை என் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. முன்பின் தெரியாத நாற்பது பேர் முன்னால் கேட்டவளுக்கு, சொந்த ஊரிடம் கேட்க என்ன பயம்?

8

ஊருக்குப் பெரியதனம் பார்ப்பவர் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரிந்தவர். போனை எடுத்தபோது ஒட்டன்சத்திரம் மண்டியில் கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். லாரிச் சத்தத்துக்கு நடுவே அவ்வளவு பிரியமாகப் பேசினார். மகள் என்ன படிக்கிறாள், அங்கே குளிர் எப்படி, குழந்தைவேலுக்கு நம்ம சாப்பாடு கிடைக்கிறதா என்று எல்லாம் விசாரித்தார். பிரசுரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷத்திலிருந்து என் பேரில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரை வாசியுங்கள், நேரில் வந்து எழுந்து நிற்கவும் தயார் என்றேன். அவர் சிரித்தார்.

"உனக்கு எதுக்கும்மா வரி? பொம்பளப் புள்ளைகளுக்கு நம்ம ஊர்ல வரி போடுறதில்ல, அது உங்களுக்குக் குடுத்த சலுகைதான. நன்கொடையாக் குடு, எம்புட்டுன்னாலும் வாங்கிக்கிருவோம். கல்லுல பேரு வெட்டிருவோம்."

நன்கொடை வேண்டாம், வரிதான் வேண்டும் என்றேன். அது முடியாதும்மா என்றார். மறுபடி கேட்டேன், மறுபடியும் முடியாது என்றார், அதே பிரியத்தோடு. அன்றைக்குச் சாவடிப் படிக்குக் கீழே அந்த ஆள் பணத்தை ஏந்திக்கொண்டு நின்றாரே, அதே குரல் என் வாயில் வந்தது.

"அப்ப என்னையத் தள்ளி வச்சிருக்கீங்களா?"

"அட, அப்பிடியெல்லாம் பேசாதம்மா" என்றார். பக்கத்தில் யாரிடமோ மூட்டையைப் பார்த்து இறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "தள்ளி வைக்கணும்னா மொதல்ல நீ உள்ள இருந்திருக்கணுமே."

ஏளனமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, நான் மட்டும் மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஞாபகப்படுத்துவது மாதிரி சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

பத்தொன்பது வருஷமாக நான் இந்த நாட்டில் பார்ப்பவர்களிடமெல்லாம் ஊரை விட்டு வந்தவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.